மலை இறங்கத்தான் ஸ்டிக்

நான் இருக்கும் வடசென்னைத் தண்டையார்பேட்டையில் மலை கிடையாது. மேடு ஏறிப் பழக வேண்டுமென்றால் மின்ட் மேம்பாலம் உண்டு, ரயில் நிலையங்களின் படிக்கட்டு உண்டு, அவ்வளவுதான். ஆனால் ஊத்துக்கோட்டை வழியாகப் போனால் ஆந்திர எல்லையைத் தாண்டியதும் நாகலாபுரம் மலை வந்துவிடும். அங்கே தொடங்கிய பழக்கம் பர்வதமலை, வெள்ளியங்கிரி என்று வளர்ந்து, கடைசியில் உத்தராகண்டின் பனி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. ஐம்பதைத் தொடும் வயது, இடது முட்டியில் வலி, கையில் மலை நடைக்கான இரண்டு ட்ரெக்கிங் ஸ்டிக். இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்தவர்கள், தாங்கள் மலைக்குக் கிளம்பும்போது "எந்த ஸ்டிக் வாங்கலாம்ணே?" என்று கேட்டு வருகிறார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை நாற்பது மலைப் பாதைகளை முன்பதிவு முறையில் திறந்துவிட்ட பிறகு இந்த விசாரிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

கேட்கிற எல்லோருக்கும் முதல் சந்தேகம் ஒன்றுதான்: கார்பனா, அலுமினியமா? என்னைப் பொறுத்தவரை அது கடைசியில் பார்க்க வேண்டியது. ஏறும்போது மூச்சு வாங்கும், தொடை கடுக்கும். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். இறக்கத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பும் பையும் சேர்ந்து முட்டியில் இறங்குகின்றன, உட்கார்ந்து எழுந்தால் வலி இன்னும் கூடுகிறது. 25 பாகைச் சரிவில் ஆட்களை ஸ்டிக்கோடும் ஸ்டிக் இல்லாமலும் இறங்கவைத்து அளந்த ஆய்வு ஒன்று 1999இல் வெளிவந்தது. ஸ்டிக்கோடு இறங்கியவர்களின் முட்டி மூட்டில் விழும் விசை 12 முதல் 25 சதவிகிதம் வரை குறைந்திருந்தது. அந்த எண் என் முட்டிக்குத் தெரியாது. ஆனால் பர்வதமலை இறங்கிய மறுநாள் காலை கட்டிலைவிட்டு எழுந்திருக்கும்போது வித்தியாசம் தெரிந்தது.

ஆக, கடையில் ஸ்டிக்கைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது, இறக்கத்தில் என் எடையை இதன்மேல் போட்டால் நிற்குமா என்பதை. அது குழாயைவிட லாக்கைப் பொறுத்தது.

நீட்டி மடக்கும் ஸ்டிக்கில் பொதுவாக இரண்டு அல்லது மூன்று குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்று நுழையும். அவற்றை நிறுத்திப் பிடிப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று திருகு லாக்: உள்ளே ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும், குழாயைத் திருகினால் அது விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். இன்னொன்று லீவர் லாக்: வெளியே ஒரு கிளிப், சைக்கிள் சீட்டின் கிளிப்பைப் போல மடக்கி அழுத்தினால் இறுகும். என் தீர்ப்பு லீவர் பக்கம்தான். திருகு லாக் இறுகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. வியர்வைக் கையால் திருகினால் எவ்வளவு இறுகியது என்று கைக்கும் தெரியாது. உள்ளே மணலோ ஈரமோ போனால் ஒன்று வழுக்கும், இல்லாவிட்டால் கழற்றவே வராது. லீவர் தளர்ந்தால் பார்த்தவுடன் தெரியும். பக்கத்திலிருக்கும் சின்ன ஸ்க்ரூவை அரைச் சுற்று முடுக்கினால் போதும்.

பாரிமுனைப் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று எங்கள் குழுவில் ஒருவர் திருகு லாக் ஸ்டிக் ஒன்றை வாங்கிவந்தார். நாகலாபுரத்தில் ஓடைப் பாறைகளில் இறங்கும்போது அது அவர் கையிலேயே மெதுவாகக் குட்டையாகிக்கொண்டே போனது. மனிதர் குனிந்து குனிந்து நடந்துவந்தார். சிரிப்பாகத்தான் இருந்தது, ஓரிடத்தில் முழு எடையையும் போட்டபோது ஸ்டிக் சட்டென்று உள்ளே போய் அவர் முழங்கை பாறையில் இடிக்கும் வரைக்கும்.

திருகு லாக் எல்லாமே மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. நல்ல கம்பெனிகளின் திருகு லாக் வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் எது எப்படி என்று கடையில் நின்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றே ஒன்று: நீட்டி, இறுக்கி, இரண்டு கையையும் பிடியின்மேல் வைத்து உடம்பின் எடையை நேராக அழுத்த வேண்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாங்கிய பிறகும் ஒவ்வொரு நடைக்கு முன்னும் இதைச் செய்வது நல்லது. குளிர்ப் பிரதேசத்தில் இரவு முழுக்கக் கூடாரத்துக்கு வெளியே கிடந்த ஸ்டிக்கின் லாக் காலையில் கொஞ்சம் தளர்ந்திருக்கும். உத்தராகண்டின் கேதார்கந்தா மலையிலிருந்து இறங்கிய காலையில் இப்படிச் சோதிக்காமல் கிளம்பிய பெரம்பூர் நண்பர் ஒருவர், பனியில் நல்ல தூரம் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார்.

குழாயில் ‘ஸ்டாப்’ அல்லது ‘மேக்ஸ்’ என்று ஒரு கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டி இழுக்கவே கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் குழாய் போதாமல் அந்த இடத்தில்தான் ஸ்டிக் வளையும், இல்லையென்றால் ஒடியும்.

அடுத்தது நீளம். நேராக நின்று ஸ்டிக்கின் முனையைப் பாதத்துக்குப் பக்கத்தில் ஊன்றிப் பிடியைப் பிடித்தால் முழங்கை ‘ட’ எழுத்தாக மடங்க வேண்டும், மேற்கை உடம்போடு ஒட்டித் தொங்க வேண்டும். சமதரையில் அதுதான் அளவு. தோராயமாக, உயரம் 155 செ.மீ.க்குக் கீழே என்றால் 100 செ.மீ., 155 முதல் 170 வரை 110, அதற்கு மேல் 182 வரை 120, அதையும் தாண்டியவர்களுக்கு 130. செங்குத்தாக ஏறும்போது இதிலிருந்து ஐந்து முதல் பத்து செ.மீ. குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் மேலே தூக்கிக்கொண்டு வலிக்கும். இறங்கும்போது அதே அளவு கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் முன்பக்கம் குனிந்து நடக்க நேரும். சரிவுக்குக் குறுக்கே போகிற பாதை என்றால் மேட்டுப் பக்கத்து ஸ்டிக் குட்டை, பள்ளத்துப் பக்கத்து ஸ்டிக் நெட்டை. பத்தடி தூரத்துக்கெல்லாம் இதை மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அரைமணி நேர இறக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் நின்று மாற்றுவது லாபம்.

பெண்களுக்கு வாங்கும்போது இங்கே கவனமாக இருக்க வேண்டும். என் வீட்டுக்காரம்மா ஐந்தடி, அதாவது 152 செ.மீ. அவருக்குச் சமதரையிலேயே 100 போதும், ஏற்றத்தில் 90 வரை குறைய வேண்டும். கடைகளில் பார்த்த சில மாடல்களில் குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் அளவே 105இலோ 110இலோதான் தொடங்கியது. "நீட்டிக்கலாம் மேடம், 135 வரைக்கும் போகும்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னார். எவ்வளவு குறையும் என்று வீட்டுக்காரம்மா கேட்டதற்குப் பதில் வரவில்லை. நம் ஊர்ப் பெண்களில் பலருக்கும் பெரிய எண்ணைவிடச் சின்ன எண்தான் முக்கியம். மடக்கும் ஸ்டிக் வகையில் மூன்று நான்கு துண்டுகளாக உள்ளே கயிறு கோத்து வரும் சில மாடல்கள் ஒரே நிலையான நீளம்தான். நீட்டவோ குறைக்கவோ முடியாது. மடக்கினால் நாற்பது செ.மீ.க்குள் பையில் அடங்கிவிடும் என்ற வசதிக்காக அதை வாங்குகிறவர்கள் தங்கள் அளவை முதலில் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

சரி, இப்போது அந்தக் கடைசிக் கேள்வி: கார்பனா, அலுமினியமா? இதற்கு எனக்குப் பாடம் எடுத்தவர் காசிமேட்டில் ஃபைபர் படகு பழுது பார்க்கும் மேஸ்திரி ஒருவர். டீக்கடையில் என் ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, சிலம்பம் கத்துக்கப் போறியா?" என்று ஆரம்பித்தார். கூட வந்த நண்பரின் கார்பன் ஸ்டிக்கை வாங்கி, விரல் நகத்தால் தட்டித் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். "இதுவும் நம்ம படகு ஜாதிதான். அலுமினியம் வளைஞ்சி சொல்லும், அடிபட்டாச்சுன்னு. இது சொல்லாது. உள்ளுக்குள்ள பிரிஞ்சி நிக்கும், ஒருநாள் படார்னு வுடும்."

அவர் சொன்னது படகுக் கண்ணாடி நார் பற்றிய அனுபவம் என்றாலும் கார்பனுக்கும் அப்படியே பொருந்துகிறது. நேராக ஊன்றும்போது கார்பன் நன்றாகவே தாங்கும். பக்கவாட்டில் பாறை இடுக்கில் சிக்கி நெம்பினாலோ, கூரான கல்லில் மோதிக் கீறல் விழுந்தாலோதான் பிரச்சினை. அலுமினியம் வளைந்தால் ஓரளவு நிமிர்த்திக்கொண்டு ஊர் வந்து சேரலாம். கார்பன் ஒடிந்தால் அது விறகுக்குக்கூட ஆகாது. எடையில் கார்பன் ஜோடி நானூறு கிராம் அளவில் இருக்கும், அலுமினிய ஜோடி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. நாளெல்லாம் ஆயிரக்கணக்கான முறை தூக்கி வைக்கும்போது அந்த வித்தியாசம் மணிக்கட்டுக்குத் தெரியும் என்பது உண்மைதான். நீண்ட தூரம், ஒழுங்கான பாதை, வாரக்கணக்கில் நடை என்றால் கார்பனுக்குச் செலவு செய்யலாம். நாகலாபுரம் மாதிரி பாறையும் ஓடையும் மாறி மாறி வரும் இடத்துக்கு நான் அலுமினியத்தைத்தான் எடுத்துப் போகிறேன். உள்ளே ஸ்ப்ரிங் வைத்து அதிர்ச்சி தாங்கும் என்று விற்கும் வகையும் உண்டு. ஊன்றியதும் அது ஒரு கணம் அமுங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. மணிக்கட்டு வலி உள்ள சிலர் அதை விரும்புகிறார்கள்.

பிடியில் மூன்று வகை: கார்க், ஃபோம், ரப்பர். சென்னைக்காரனின் உள்ளங்கைக்கு ரப்பர் ஆகாது. வியர்த்து வழுக்கும், தோல் உரியும். பனிப் பிரதேசத்தில் கையுறை போட்டுக்கொண்டு பிடிக்க அது நல்லது. ஃபோம் மெத்தென்றிருக்கும், வியர்வையை உறிஞ்சும், ஆனால் நாளாக ஆக நாற்றமடிக்கும். கார்க் விலை கூடுதல், கைக்குப் பழகப் பழக நன்றாக இருக்கிறது. முக்கியப் பிடிக்குக் கீழே ஃபோம் இன்னும் ஒரு ஜாண் நீண்டிருந்தால் விடாதீர்கள். குட்டையான ஏற்றங்களில் நீளத்தை மாற்றாமல் கையைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொள்ளலாம்.

பிடியில் வளையமாகத் தொங்கும் வாரை மாட்டும் முறையைப் பத்தில் எட்டுப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். கையை வளையத்தின் அடிப்பக்கத்திலிருந்து மேலே நுழைத்து, பிறகு வாரையும் பிடியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது எடை மணிக்கட்டின் வழியாக வாரில் இறங்கும், விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஓடை கடக்கும்போதும், பாறை இடுக்குகளில் இறங்கும்போதும் கையை வாரிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஸ்டிக் சிக்கிக்கொண்டால் அது போகட்டும், கை வேண்டும்.

முனை விஷயத்துக்கு வருவோம். நல்ல ஸ்டிக்கின் முனையில் டங்ஸ்டன் கார்பைடு இருக்கும், நடுவில் சின்னதாகக் குழிந்து கிரீடம் போலத் தெரியும். மலிவு ஸ்டிக்கின் சாதா இரும்பு முனை கொஞ்ச நாளில் தேய்ந்து உருண்டு, ஈரப் பாறையில் வழுக்கும். தார் ரோட்டிலும் கான்கிரீட்டிலும் நடக்க ரப்பர் புஷ் மாட்டிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவில் டக் டக்கென்று ஊன்றிப் போனால் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள், நாய்கள் கூட்டம் சேர்ந்துவிடும். இரண்டு கையிலும் குச்சியோடு வரும் ஆளை எந்தத் தெரு நாயும் நல்லவன் என்று நினைப்பதில்லை. பயிற்சிக்கு மேம்பாலம் ஏறுகிறவர்கள் ஸ்டிக்கை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு போய், அங்கே போய் நீட்டிக்கொள்ளுங்கள்.

வெள்ளியங்கிரியில் இந்தச் சாமான் எதுவும் இல்லாமல், பூண்டி அடிவாரத்தில் விற்கிற மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் ஏழு மலையும் ஏறி இறங்குகிறார்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஓங்கிய தடியின் எந்த உயரத்திலும் கை வைத்துக்கொள்ளலாம். நீளத்தை மாற்றும் வேலையே இல்லை. ஒற்றைத் தடியை இரண்டு கையாலும் பிடித்து இறங்கும்போது கிடைக்கிற தைரியம் தனி. பர்வதமலையில் அது சரிவராது. மேலே கடப்பாறைப் பாதையில் பாறையில் அடித்த இரும்பைப் பிடித்து ஏற இரண்டு கையும் காலியாக வேண்டும். அங்கே மடக்கிப் பையில் சொருகக்கூடிய ஸ்டிக் வேண்டும், சொருகும்போது முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும். பின்னால் ஏறிவருகிறவரின் கண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

பனிச்சறுக்குக் கோல்களும் ஒருகாலத்தில் மூங்கில்தான். ஆரம்ப காலத்தில் ஒற்றை நீளக் கோலை வைத்துக்கொண்டே சறுக்கினார்கள். இரண்டு கோல் என்பது பிறகு வந்த பழக்கம். மூங்கிலுக்கு அப்புறம் எஃகு. 1958இல் அமெரிக்காவின் சன் வேலியில் எட் ஸ்காட் என்பவர் கீழே போகப் போக மெலியும் அலுமினியக் கோலைச் செய்தார். அதன் பிறகு மூங்கிலையும் எஃகையும் தேட ஆளில்லாமல் போனது.

அக்கா மகனுக்குத் துணையாக உத்தராகண்டின் பனிச்சறுக்கு ஊரான அவுலிக்குப் போனபோதுதான் இந்தக் கோலை நான் தொட்டுப் பார்த்தேன். ஜோஷிமட்டிலிருந்து மேலே போகும் ரோப்கார், 2023இல் அந்த ஊரில் நிலம் உள்வாங்கியதிலிருந்து நின்றுவிட்டதால், சாலை வழியாகத்தான் போனோம். அவன் ஊரிலிருந்தே என் ட்ரெக்கிங் ஸ்டிக்கை எடுத்து வந்திருந்தான். பயிற்சியாளர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். சறுக்குக் கோல் பொதுவாக ஒரே துண்டு, நீட்டவோ மடக்கவோ வராது. வேகத்தில் ஊன்றும்போது லாக் நழுவினால் ஆபத்து என்பதால் அப்படி. அதைவிட ஆச்சரியம், முதல் பாடத்தில் கோலே கொடுக்கவில்லை. கோல் கையில் இருந்தால் புதியவர்கள் அதன்மேல் சாய்ந்துகொண்டு காலை மறந்துவிடுவார்களாம். சறுக்கில் எடையைத் தாங்குவது கோலின் வேலை இல்லை. திரும்பும் கணத்தைக் கணக்கிட, சமதளத்தில் தள்ளிப் போக, விழுந்தால் எழுந்திருக்க உதவுகிறது, அவ்வளவே.

அளவெடுக்கும் விதமும் வேறு. கோலைத் தலைகீழாகப் பிடித்து, முனையை ஒட்டி இருக்கும் வட்டத் தட்டுக்கு அடியில் கையை வைத்து, பிடியைத் தரையில் ஊன்ற வேண்டும். முழங்கை ‘ட’ போல மடங்கினால் அது உங்கள் கோல். தட்டுக்குக் கீழே இருக்கும் முனை பனிக்குள் புதைந்துவிடும், அதனால் அது கணக்கில் வராது. உயரத்தைப் 0.7ஆல் பெருக்கினாலும் கிட்டத்தட்ட அதே விடை வரும். ஐந்து ஐந்து செ.மீ.யாகத்தான் அளவு கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே வந்தால் குட்டையானதை எடுக்கலாம். இது மலைச் சரிவில் இறங்கும் சறுக்குக்கு மட்டும். சமவெளிப் பனியில் நெடுந்தூரம் போகும் ‘கிராஸ் கன்ட்ரி’ சறுக்கில் கோலால் தள்ளித்தான் போகிறார்கள், ஆகவே அது தோள் வரைக்கும் நீளும். அந்தச் சறுக்கின் ‘கிளாசிக்’ என்ற பாரம்பரிய முறைப் போட்டியில் கோல் ஆளின் உயரத்தில் 83 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு விதி வைத்திருக்கிறது.

விழும்போது கோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே விழுந்தால் கட்டை விரல் பின்னால் இழுபட்டு அதன் அடி மூட்டின் தசைநார் கிழியும். பனிச்சறுக்கில் சகஜமான காயம் இது. விழப்போகிறோம் என்று தெரிந்தால் கோலை விட்டுவிட வேண்டும். சேர் லிஃப்டில் ஏறும்போது வாரிலிருந்து கையைக் கழற்றிவிட வேண்டும். வருஷத்தில் ஒரு வாரம் சறுக்கப் போகிறவர்கள் சென்னையில் அலைந்து கோல் தேட வேண்டாம். அங்கேயே வாடகைக்குத் தருகிறார்கள், உயரத்தைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள். பனியில் நடக்க மட்டும் போகிறவர்களுக்கு ட்ரெக்கிங் ஸ்டிக் போதும், அகலத் தட்டு மாட்ட வேண்டும். சின்னத் தட்டோடு புதுப்பனியில் ஊன்றினால் ஸ்டிக் பிடி வரைக்கும் உள்ளே போய்விடும். வாங்கும்போதே தட்டைக் கழற்றி மாற்ற மரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விமானத்தில் போகிறவர்கள் ஸ்டிக்கைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். செக்-இன் பையில் போட வேண்டும், முனைகளில் ரப்பர் புஷ்ஷோடு.

எங்கள் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. கடல் காற்றின் உப்பு ஜன்னல் கம்பியை மட்டும் தின்பதில்லை. மலையிலிருந்து வந்ததும் ஸ்டிக்கை அப்படியே மடக்கி மூலையில் சாத்தினால், உள்ளே ஈரத்தோடு அலுமினியம் வெள்ளைப் பொடி பூத்து, அடுத்த தடவை குழாய் குழாயை விடாது. துண்டு துண்டாகக் கழற்றி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் நன்றாகக் காய வைத்து, லாக்குகளைத் தளர்த்திவிட்டு வையுங்கள். குழாய் இறுகினால் எண்ணெய் விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. எண்ணெய் ஒட்டிய குழாயை எந்த லாக்கும் பிடிக்காது. வெள்ளைப் பொடியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாலே வழிக்கு வந்துவிடும்.